விஜயநாராயணத்துக் கோபுரமும் ஆளில்லாப் படகும்

2025 நவம்பர் 3, திங்கள். நாங்குநேரி வாசகர் ஒருவரின் கேள்வி

நேற்று மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கடற்படைக்கான செயற்கைக்கோள் ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். உடனே என் மைத்துனர் ஆரம்பித்துவிட்டார். இனிக் கப்பல் தானாக ஓடும், நீர்மூழ்கி தானாக மூழ்கும், பத்து வருடத்தில் கடற்படைக்கு ஆளே எடுக்க மாட்டார்கள் என்கிறார். என் மகன் அக்னிவீர் தேர்வுக்காக ஒரு வருடமாக விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். பையன் இன்று ஓடப் போகவில்லை. கடற்படையில் இருந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

நவம்பர் 3, இரவு 10.40

பையனை நாளைக்கு ஓடச் சொல்லுங்கள்.

பதினைந்து வருடம் கடற்படையில் எலெக்ட்ரிகல் பிரிவில் இருந்தேன். ஜாம்நகர் வல்சுராவில் பயிற்சி. வெளியே வந்த பிறகு ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைப் பராமரிப்பு. இப்போது காற்றுக்காலம் முடிந்துவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது, எழுத நேரம் இருக்கிறது. வேலையில் பார்த்ததைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பத்திரிகையில் வந்ததும் பள்ளிக்கூட இயற்பியலும் மட்டும்தான் இங்கே.

உங்கள் மைத்துனர் இரண்டு சங்கதிகளை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார். கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது ஒன்று. கருவியைத் தன்னந்தனியாக விட்டுவிடுவது இன்னொன்று. பேச்சு ஒழுங்காக நடக்கும்வரை கருவிக்குச் சொந்த புத்தி தேவையில்லை. பேச்சு அறுந்துபோகும் இடத்தில்தான் அது தேவை. கடல் பேச்சை அறுக்கும் இடம்.

நேற்று போன சி.எம்.எஸ்-03 முதல் வகைக்கானது. எடை சுமார் 4,410 கிலோ. 2013-இல் போன ஜிசாட்-7, அதாவது ருக்மிணி செய்யும் வேலையை எடுத்துக்கொள்ள வந்தது. கப்பலும் விமானமும் கரையும் பேசிக்கொள்ள உதவும். அதை ஏற்றிய எல்.வி.எம்.3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை எரித்துச் சோதிப்பது நம் மகேந்திரகிரியில். மைத்துனரை மொட்டை மாடியில் ஏற்றித் தென்மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மனிதர்கள்தான்.

நவம்பர் 4, காலை

மழையிலும் ஓடினானாம். நல்லது. சளி பிடித்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

நவம்பர் 5, இரவு

வள்ளியூரிலிருந்து பொறியியல் படிக்கும் ஒரு பெண் கேட்கிறார்: அதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே, நீர்மூழ்கியும் அதன் வழியாகவே பேசலாமே?

பேசலாம், தலையை வெளியே நீட்டினால். தலையை நீட்டாமல் இருப்பதற்குத்தானே அது நீர்மூழ்கி.

திருநெல்வேலியிலிருந்து வள்ளியூர் போகும் பஸ்ஸில் நாங்குநேரி தாண்டியதும் இடது ஜன்னலில் பாருங்கள். விஜயநாராயணத்துக் கோபுரங்கள் தெரியும். நீர்மூழ்கிகளுக்கு வானொலியில் சேதி அனுப்பும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், 1990-இல் தொடங்கியது. 2014-இல் புதிய அமைப்பையும் சேர்த்தார்கள். உயரமானவை 471 மீட்டர். நாட்டிலேயே இவ்வளவு உயரமாக வேறு எதையும் மனிதன் கட்டி நிறுத்தவில்லை. ஊர்க்காரர்கள் அதை ‘நேவி டவர்’ என்று சொல்லிவிட்டு மாடு பத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

ஏன் அவ்வளவு உயரம்? கடல்நீர் வானொலி அலையைக் குடித்துவிடும். உங்கள் வீட்டு வைஃபை ஒரு சாண் உப்புத்தண்ணீரைத் தாண்டாது. அலையின் அதிர்வெண் குறையக் குறையக் கொஞ்சம் ஆழம் போகும். கட்டபொம்மன் பயன்படுத்துவதாக வெளியே தெரிந்த அலைவரிசைகளில் ஒன்று 18.2 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் ஒரு அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். அதாவது ஏறத்தாழ விஜயநாராயணத்துக்கும் கடலுக்கும் உள்ள தூரத்துக்கு ஒரே ஒரு அலை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அந்த 471 மீட்டர், அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு பாடுபட்டும் அந்த அலை கடலுக்குள் இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகிவிடும். அடுத்த இரண்டு மீட்டரில் அதிலும் அதேபோல். சில பத்து மீட்டர்தான் தாங்கும். படம் அனுப்ப முடியாது, குரல் அனுப்ப முடியாது. எழுத்து எழுத்தாகச் சேதி போகும். நீர்மூழ்கி அதைக் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டுமானால் அதன் முதுகிலும் இப்படி ஒரு கோபுரம் வேண்டும்.

ஆக, நம் ஊர்க் கோபுரம் பேசும், கேட்காது. எங்கள் தலைமையாசிரியர் மாதிரி.

நவம்பர் 6

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். “விஜயநாராயணத்துக்கும் கடலுக்கும் உள்ள தூரம்” என்று கண்ணளவில் எழுதிவிட்டேன். அது எந்தக் கடற்கரையை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஒரு சர்வேயர் பிடித்துவிட்டார். சரி. 16 கிலோமீட்டர் என்பது கணக்கு, மற்றது என் வாய்ப்பேச்சு.

கோபுரம் கடலிலிருந்து தெரியுமா என்றும் கேட்டிருக்கிறார். 471 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் தொடுவானம் சுமார் 77 கிலோமீட்டர். புகைமூட்டமும் வெயிலின் கானலும் இல்லாவிட்டால். எனக்குச் சொந்த ஊர் உவரி. இருட்டில் திரும்பும்போது கோபுரத்தின் சிவப்பு விளக்கு எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு சித்தப்பா பைபர் படகைத் திருப்புவார். கோபுரம் வருவதற்கு முந்தி அந்தோணியார் கோவில், பனங்கூட்டம், பின்னால் மலை, இவைதான் அடையாளம். இரண்டு அடையாளம் ஒரே கோட்டில் வந்தால் இன்ன பாறைக்கு மேல் நிற்கிறோம் என்று அர்த்தம். நீர்மூழ்கிக்காகக் கட்டிய கோபுரத்தைச் சித்தப்பா பனைமரமாகப் பயன்படுத்துகிறார்.

நவம்பர் 8

அந்தப் பெண் விடவில்லை. வானொலி போகாவிட்டால் ஒலி போகுமே என்கிறார்.

போகும், நன்றாகவே போகும். கடலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கு மேல். ஆனால் 15 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கருவியிடம் “எப்படி இருக்கிறாய்” என்றால் கேள்வி போக 10 நொடி, “நன்றாக இருக்கிறேன்” வர 10 நொடி. அதற்குள் அது நன்றாக இல்லாமல் போயிருக்கலாம். போதாததற்கு ஒலி கடலடியில் முட்டி, மேற்பரப்பில் முட்டி, நாலு எதிரொலியாக வந்து சேரும். கத்தினால் எதிரிக்கும் கேட்கும்.

ஆகவே நீருக்கடியில் தானியங்கி என்பது பெருமைக்குச் செய்தது இல்லை, வேறு வழியில்லாமல் செய்தது. கிளைடர் என்று ஒரு வகை உண்டு. அதற்குச் சுழலி கிடையாது. வயிற்றில் கொஞ்சம் நீரையோ எண்ணெயையோ உள்ளே வெளியே தள்ளித் தன் கனத்தை மாற்றிக்கொள்ளும். கனத்தால் இறங்கும்போதும் இலேசாகி ஏறும்போதும் இரண்டு சிறகும் அதை முன்னே தள்ளும். ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கிப் போகும். மேலே வந்தால் வாலை நீட்டிச் செயற்கைக்கோளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கும். 2009-இல் இப்படி ஒன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து ஸ்பெயின்வரை 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. நடுவழியில் வேகம் குறைந்துபோனது. காரணம், உடம்பெல்லாம் கொட்டலசு, படகடியில் ஓடாக ஒட்டிக்கொள்ளுமே, அது. ஆள் தண்ணீரில் குதித்துச் சுரண்ட வேண்டியிருந்தது.

படகடியைச் சுரண்டிய எங்கள் ஊர்க்காரன் எவனும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டான்.

இன்னொன்று. 2016 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையின் கிளைடர் ஒன்றைப் பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவுக்கு அப்பால் சீனக் கப்பல் வந்து கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்திலேயே அதன் தாய்க்கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஐந்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆள் இருந்தால் அது படகைப் பிடிப்பது, போருக்குச் சமம். ஆள் இல்லாவிட்டால் வழியில் கிடந்த குடத்தைத் தூக்குகிற மாதிரி. இதை யோசிக்காமல்தான் “ஆளில்லா, ஆளில்லா” என்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

இது விளையாட்டுச் செய்தி. ஆனால் நடந்தது.

அமெரிக்கப் போர்க்கப்பல் மான்செஸ்டர், 2023-இல் மேற்குப் பசிபிக்கில். கடலில் இணையம் கிடையாது, அல்லது குழாயில் சொட்டுகிற தண்ணீர் மாதிரிக் கிடைக்கும். கப்பலின் மூத்த மாலுமிகள் சிலர் காசு சேர்த்து செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் தட்டு ஒன்றை வாங்கி, கேப்டனுக்குத் தெரியாமல் மேல்தளத்தில் பொருத்திக்கொண்டார்கள். தலைமை ஏற்றவர் மாலுமிகளின் ஒழுக்கத்துக்கே பொறுப்பான தலைமை மாலுமி. அந்த வைஃபைக்கு ‘ஸ்டிங்கி’ என்று பெயர். நாற்றம் பிடித்தது என்று பொருள். அந்தத் தட்டு விற்ற கம்பெனி வைக்கும் பெயர் அது.

கப்பலில் கீழ்நிலை மாலுமிகளுடைய கைபேசியில் அந்தப் பெயர் தெரிய ஆரம்பித்தது. முணுமுணுப்பு எழுந்தது. உடனே தலைமை மாலுமி வைஃபையின் பெயரைப் பிரிண்டர் பெயர் மாதிரி மாற்றிவிட்டார். கப்பலில் அப்படி ஒரு வைஃபை பிரிண்டரே கிடையாது. கடைசியில், முறைப்படி வாங்கிய வேறொரு தட்டைப் பொருத்த வந்த பணியாளர் மேலே ஏறிப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ராணுவ நீதிமன்றம், பதவி இறக்கம்.

சிரித்து முடித்தாயிற்றா? இப்போது சொல்கிறேன். ஒரு போர்க்கப்பல் எதிரி ரேடாரிலிருந்து தப்பப் பல கோடி செலவழித்து வளைத்து நெளித்துக் கட்டப்படுகிறது. அதன் உச்சியில் ஒரு தட்டு வானத்தை நோக்கிப் பேசிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளோடு பேச வேண்டும் என்கிற ஏக்கத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன். கொச்சியில் எஸ்.டி.டி. பூத் வரிசையில் நின்றவன் நான். ஆனால் இணைத்த கருவி எதுவானாலும் அது பேசும், பேசினால் யாராவது கேட்பான். நம் கடற்படை 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனைத் தடை செய்தது. சமூக ஊடகத்தில் பெண் பெயரில் வந்தவர்களிடம் மாலுமிகள் சிலர் சேதி சொன்னதாகக் கைதானதைத் தொடர்ந்துதான். கேள்வி கேட்டவரே, இதைப் பையனிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஓட்டத்தைவிட இது முக்கியம்.

நவம்பர் 12

“எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இணைத்தால் ஆள் குறையும் என்பது உண்மைதானே” என்கிறார் பாளையங்கோட்டைக்காரர். உண்மை. ஆனால் கூடவே யார்க்டவுனையும் படியுங்கள்.

ஆள் குறைப்பதற்காகவே ‘சாமர்த்தியக் கப்பல்’ திட்டத்தில் கம்ப்யூட்டர் பூட்டிய அமெரிக்கப் போர்க்கப்பல். 1998-இல் ஒரு மாலுமி ஒரு கட்டத்தில் பூஜ்யத்தை அடித்தார். கணக்கு அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்தது. கப்பல் வலைப்பின்னலே படுத்துவிட்டது. எஞ்சின் நின்று, கப்பல் இரண்டே முக்கால் மணி நேரம் கடலில் மிதந்தது. எதிரி யாரும் சுடவில்லை. பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று ஏழாம் வகுப்பில் நம் எல்லாருக்கும் ஒரு வாத்தியார் காதைத் திருகிச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டருக்குக் காது இல்லை.

நவம்பர் 13

யார்க்டவுன் நிகழ்ச்சி 1997 செப்டம்பர். நான் 1998 என்று எழுதியது தவறு, செய்தி பரவியது அந்த வருடம். திருத்திய தம்பிக்கு ஒரு கருப்பட்டிக் காபி கடன்.

நவம்பர் 13, இரவு

அதே தம்பி இப்போது பெரிய கல்லாகப் போட்டிருக்கிறான். “பேச்சு அறுந்தால்தான் சொந்த புத்தி வேண்டும் என்று மூன்றாம் தேதி எழுதினீர்கள். ஏவுகணை வந்தால்? பேச்சு நன்றாகத்தான் இருக்கும், பேச நேரம் இருக்காது.”

ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் தேதி எழுதியது பாதிதான். கடல்மட்டத்தை ஒட்டி வரும் ஏவுகணை தொடுவானத்தில் தலைகாட்டிய பிறகு கையில் இருப்பது நொடிகள். மனிதன் “சுடலாமா” என்று கேட்டு வாய் மூடுவதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் பாலங்ஸ் போன்ற பீரங்கிகள் தாமாகப் பார்த்துத் தாமாகச் சுடும்படி பல பத்தாண்டுகளாகக் கப்பல்களில் இருக்கின்றன. தானியங்கி ஆயுதம் நேற்று வந்த புதுமை இல்லை.

அதிலும் ஒன்று. 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போரில், ஈராக்கின் ஏவுகணை வந்தபோது மிசௌரி என்ற பெரிய போர்க்கப்பல் ரேடாரை ஏமாற்ற உலோகச் சருகைக் காற்றில் தூவியது. துணைக்கு நின்ற ஜாரெட் கப்பலின் பாலங்ஸ் அந்தச் சருகைப் பகை என்று நினைத்துச் சுட்டது. குண்டுகள் சில மிசௌரியின் மேலேயே பட்டன. பெரிய சேதம் இல்லை. ஏவுகணையை ஒரு பிரிட்டிஷ் கப்பல் வீழ்த்தியது.

ஆகவே மாற்றி எழுதுகிறேன்: பேச முடியாத இடம், பேச நேரமில்லாத இடம், இரண்டிலும் தானியங்கி வரும். தம்பி, இரண்டு காபி.

நவம்பர் 15

மழை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. சொந்தக் கதை ஒன்று.

ஒரு ஆடி மாதம். காற்று உச்சம். 80 மீட்டர் உயரக் காற்றாலை ஒன்று இரவு இரண்டு மணிக்குத் தானாக நின்றது. உள்ளே அதிர்வை அளக்கும் சென்சார் “பயங்கர அதிர்வு” என்று சேதி அனுப்பியது. வேறொரு ஊரில் திரைக்கு முன்னால் இருந்தவர் அதைத் தட்டி மறுபடி ஓடவிட்டார். நின்றது. மறுபடி ஓடவிட்டார். நின்றது. காலையில் எனக்கு அழைப்பு வருவதற்குள் பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியதுக்கு ஆர்டரும் போட்டுவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம்.

ஏறினேன். பேரிங்கில் கை வைத்தேன், காது வைத்தேன். ஒன்றும் இல்லை. சென்சாரிலிருந்து வரும் வயரின் முனையில் இருந்த கனெக்டரைத் திருகிக் கழற்றினேன். நாலு ஊசியில் ஒன்றில் பச்சைக் களிம்பு. கடற்காற்றின் உப்பு ரப்பர் வளையத்தின் வழியாக எப்படியோ உள்ளே போயிருக்கிறது. அதிர்வு எங்கேயும் இல்லை, அந்த ஊசியில் இருந்தது. பையில் எப்போதும் ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ் வைத்திருப்பேன். ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மூடினேன். ஓடியது. பேரிங் வந்து இறங்கி, கோடவுனில் இன்னும் இருக்கிறது.

இதையே கப்பலிலும் செய்தேன், அதிகம் சொல்ல மாட்டேன். எஞ்சின் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் சென்சார்களை எல்லாக் கடற்படைகளும் பூட்டுகின்றன, நல்ல வேலைதான். ஆனால் நூறு சென்சார் என்றால் நூறு கனெக்டர். கடல் நூறையும் ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருக்கும். மைத்துனர் கணக்கில் இந்த நக்கல் வரவில்லை.

நவம்பர் 15, பின்னிரவு

களிம்பு மட்டும்தான் பிரச்சினை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். மனிதனுக்கும் திரைக்கும் நடுவிலும் களிம்பு பிடிக்கும். 2017 ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும்போது யார் கையில் எது இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் போயிற்று. சுக்கான் வேலை செய்யவில்லை என்றே நினைத்தார்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, வேறு மேசையில். 2019-இல் அந்தக் கடற்படை, வேகத்துக்குப் பழைய மாதிரிக் கைப்பிடியே போதும் என்று திரும்பியது.

கிரீஸ் கையோடு தொடுதிரையைத் தொட்டவனுக்கு அதிகம் விளக்க வேண்டாம்.

நவம்பர் 17

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கண்டால் ஆகாத கிழவன் மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. இன்றைக்கு என்னை நானே மறுக்கிறேன்.

கண்ணிவெடி. கடலடியில் கிடக்கும், பார்த்துத் தேடி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு மனிதனை அனுப்புவது பாவம். 2003-இல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் ரீமஸ் என்ற சிறு நீரடித் தானியங்கிகள் போய்க் கடலடியைத் துழாவின. வெடித்திருந்தால் போவது இரும்பு. நம்மிடம் இருந்த கண்ணிவாரிக் கப்பல்களில் கடைசியானது, ஐ.என்.எஸ். கோழிக்கோடு, 2019 ஏப்ரலில் ஓய்வுபெற்றது. இந்த இடத்தில் தானியங்கி வந்தால் நானே தேங்காய் உடைப்பேன்.

அடுத்தது, கடற்படை 2020 முதல் வாடகைக்கு எடுத்து அரக்கோணம் ராஜாளி விமானத்தளத்திலிருந்து பறக்கவிட்ட ஆளில்லா விமானங்கள் இரண்டு, எம்.க்யூ-9பி. மணிக்கணக்காகக் கடலுக்கு மேலே சுற்றும். ஒன்று 2024 செப்டம்பர் 18-இல் பழுதாகிச் சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. பெரிய நஷ்டம்தான். ஆனால் எந்த வீட்டிலும் ஒப்பாரி இல்லை. அடுத்த மாதமே மூன்று படைகளுக்குமாக 31 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், அதில் 15 கடற்படைக்கு.

ஆனால், ஆனால். அந்த விமானத்தைக் கரையிலிருந்து ஓட்ட ஒரு ஆள், கேமராவைப் பார்க்க ஒரு ஆள், இரவில் அவர்களை மாற்ற இன்னும் ஆட்கள், ரிப்பேருக்கு என்னைப்போல நாலு பேர். உக்ரைனின் மகுரா படகுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி 1-இல் இவானோவெட்ஸ் என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பலை அவை கூட்டமாகப் போய்த் துளைத்து மூழ்கடித்தன. எல்லாரும் அதைத் தானாக ஓடும் படகு என்கிறார்கள். படகின் கேமராவைக் கரையில் பார்த்துக்கொண்டு ஒருவன் ஓட்டினான். ஆள் படகில் இல்லை, அவ்வளவுதான். ‘ஆளில்லா’ என்ற சொல்லே கொஞ்சம் பொய்.

நவம்பர் 20

பொய் என்றதும் ஞாபகம் வந்தது. 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் உக்ரைனின் ஒடெசா துறைமுகத்தில் கட்டியிருந்தன. கப்பல் இருக்குமிடத்தை எல்லாருக்கும் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் வரைபடத்தில் மட்டும் அவை ரஷ்யத் தளமான செவஸ்டபோலின் வாசலுக்குப் போனதாகக் கோடு விழுந்தது. யாரோ பொய்த் தகவலை உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். பொய் வெளிப்பட்டது எப்படித் தெரியுமா? துறைமுகத்தைப் பார்த்து ஒரு சாதாரண இணையக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டும் கட்டின கயிற்றோடு நின்றுகொண்டிருந்தன.

இணைக்காமலேயே வைத்தால் பாதுகாப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2019-இல் நம் கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் தீய நிரல் இருந்ததை அணுமின் கழகமே ஒத்துக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்குத் தொடர்பில்லை என்றார்கள். சுவர் தாங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் சுவர் வரை ஒருவன் நடந்து வந்திருக்கிறான்.

நவம்பர் 21

உவரிக்குப் போயிருந்தேன். சித்தப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். கோபுரம் பேசும், கேட்காது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குச் சேதி எட்டவில்லை. கைபேசிக் கோபுரம் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எட்டும். எங்கள் பக்கத்துக் குமரி மாவட்டத்துக் கிராமங்களில் எத்தனை வீடு இருண்டது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அதன் பிறகு 2019-இல் ஜெமினி என்ற சிறு பெட்டி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாகக் காற்று, அலை, மீன் கூட்டம் பற்றிய சேதியை வாங்கிப் புளூடூத்தில் கைபேசிக்குத் தரும். நல்ல பெட்டி. ஆனால் சேதியை வாங்க மட்டும்தான் அதனால் முடியும். “நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்” என்று படகிலிருந்து சொல்ல வழியில்லை.

“அப்போது நாங்களும் நீர்மூழ்கிதான்” என்றார் சித்தப்பா.

இப்போது இரண்டு பக்கமும் சேதி போகும் டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளுக்குக் கொடுக்கிறார்கள். சித்தப்பா படகிலும் ஒன்று இருக்கிறது, அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில். இதே பெட்டிதான் கடற்காவலுக்கும் பயன்படும். 2008 நவம்பர் 26-இல் மும்பைக்கு வந்தவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். எது நம் படகு, எது வேற்றுப் படகு என்று அன்றைக்குக் கடலில் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கரையோரம் ரேடார் வரிசை, 2014-இல் குருகிராமில் எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் சேர்க்கும் மையம். 51 கடற்படை, கடலோரக் காவல்படை நிலையங்கள் அதில் கோத்திருக்கின்றன.

பெட்டியை ஏன் சில நாள் அணைத்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். “மீன் கிடக்கும் பாறை எது என்று ஊருக்கெல்லாம் தெரியவா?” என்றார். போர்க்கப்பல் தளபதியும் இதையேதான் சொல்வார், பாறைக்குப் பதில் வேறு எதையாவது சொல்வார்.

நவம்பர் 23

தூத்துக்குடியை விட்டுவிட்டீர்களே என்று ஒரு குரல். விடவில்லை. 2024 அக்டோபரில் மாதங்கி என்ற தானியங்கிப் படகை மும்பையிலிருந்து தூத்துக்குடியை நோக்கி, சுமார் 1,500 கிலோமீட்டர்ப் பயணத்துக்குக் கொடியசைத்து அனுப்பினார்கள். நம் மாவட்டத்தோடு 1986 வரை ஒட்டியிருந்த ஊர் என்பதால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அவருக்கு ஆள் பஞ்சம் இல்லை, கப்பல் பஞ்சம். இப்போது கப்பல் இருக்கிறது, ஆள் வேண்டாம் என்கிறார்கள்.

உவரியிலும் ஆளில்லாக் கப்பல் ஒன்று நிற்கிறது. கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா கோவில். வருடக்கணக்காக ஒரு அடி நகரவில்லை, மோதவும் இல்லை.

டிசம்பர் 1

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பையன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறானாம். மைத்துனர் இப்போது வேறு பாட்டு: அப்படியானால் கம்ப்யூட்டர் படித்தவனுக்குத்தான் வேலை, ஓடுகிறவனுக்கு இல்லை.

அக்னிவீரில் நாலு வருடம். அதில் நாலில் ஒருவர் வரைதான் தொடர முடியும். மற்றவர்கள் வெளியே வரும்போது கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும், அதை மறுக்கவில்லை. எலெக்ட்ரிகல் பக்கம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளட்டும். கிடைக்காவிட்டாலும் கற்றுக்கொள்ளட்டும்.

தை பிறப்பதற்குள் பணகுடிப் பக்கம் ஆறு காற்றாலைகளில் ஆண்டுப் பராமரிப்பு. இரண்டு நாள் பையனை என்னோடு அனுப்புங்கள், மேலே ஏற்ற மாட்டேன், கீழே பெட்டியில் வேலை இருக்கிறது. மதியச் சாப்பாடு என் பொறுப்பு. பல்தேய்க்கும் பழைய பிரஷ் ஒன்று கொண்டு வரச் சொல்லுங்கள். மிருதுவானது வேண்டாம்.